அப்பா சாக்ஸ் பின்னிய வருஷம்

போன வாரம் நம் பள்ளிக்கூடத்துத் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு வீடியோ போட்டாள். ஏதோ ஒரு குளிர் நாட்டில், தாடி வைத்த ஆள் ஒருவன் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாக்ஸ் பின்னிக்கொண்டே போகிறான். எல்லோரும் பார்த்தீர்கள். வரிசையாகக் கை தட்டினீர்கள், பூங்கொத்து அனுப்பினீர்கள். "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும், எவ்வளவு பொறுமை!" என்று ஒருத்தி எழுதினாள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்பில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டவள் அவள். அவளுக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது, மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

குழுவில் நான் ஒன்றும் எழுதவில்லை. கட்டை விரலால் தட்டி முடிகிற சங்கதியாக அது எனக்குப் படவில்லை. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நிதானமாகத்தான் எழுத நினைக்கிறேன். நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரி.

என் அப்பா பஸ் டிரைவர். திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல் போய்த் திரும்பும் ஒரு தனியார் பஸ். காலையில் நம் ஊர் வெயிலில் வண்டியை எடுப்பார், மத்தியானம் மேலே குளிரில் நிறுத்துவார், சாயங்காலம் மறுபடி வெயிலுக்கே இறங்கி வருவார். அவர் காக்கிச் சட்டையில் டீசலும் தைலமரமும் கலந்த வாசனை இருக்கும். அந்த வருஷம் தை மாசம், வத்தலக்குண்டு தாண்டிப் பஞ்சரான சக்கரத்தை மாற்றும்போது ஜாக்கி சறுக்கிவிட்டது. வண்டிக்கும் கழற்றி வைத்த சக்கரத்துக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது. வலது தொடை எலும்பு இரண்டாகிப் போனது. தலையில் ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. தலையில் ஒன்றும் இல்லை என்பதை இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

அப்போதெல்லாம் காலைத் தூக்கிக் கட்டி, நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எலும்பு தானாகக் கூடும்வரை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் அப்படிக் கிடந்தார். அந்த வார்டில் மற்ற ஆண்கள் சீட்டாடினார்கள், ஒளித்து வைத்துப் பீடி குடித்தார்கள், வந்த சொந்தக்காரர்களிடம் சண்டை போட்டார்கள். அப்பாவுக்குச் சும்மா கிடக்க வரவில்லை. ஸ்டீயரிங் பிடித்த கை. அங்கே கேரளத்து நர்ஸ் ஒருத்தர் ஓய்வு நேரத்தில் ஸ்வெட்டர் பின்னுவார். கொடைக்கானலில் பஸ் நிற்கும் நேரத்தில் கடை வாசல்களில் பெண்கள் அப்படிப் பின்னுவதை அப்பா எத்தனையோ நாள் வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"சிஸ்டர், அந்த ஊசிய செத்த நேரம் குடுங்க. நானும் பாக்குறேன்" என்றாராம்.

அந்த நர்ஸ் முதலில் சிரித்தார், பிறகு கொடுத்தார். அப்பா படுத்தபடியே பின்னினார், பிரித்தார், மறுபடி பின்னினார். சித்திரையில் வீட்டுக்கு வரும்போது அவர் கையில் ஒற்றை சாக்ஸ் இருந்தது. பழுப்பு நிறம், விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு.

"இன்னொன்னு எங்கப்பா?" என்று கேட்டேன்.

"கட்டுப் போட்ட காலுக்கு எதுக்கு பாப்பா? ஒண்ணு போதும்."

மலைக்கோட்டைக்குக் கீழே, வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட ஒரு வளவில் நாங்கள் இருந்தோம். பகலெல்லாம் அந்தப் பாறை குடித்த வெயிலைச் சாயங்காலம் எங்கள் ஓட்டின் மேல்தான் துப்பும். அந்த வெக்கையில் அப்பா காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு கம்பளி நூலை மடியில் போட்டுப் பின்னுவார். அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மாமா கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இருந்து பழைய ஸ்வெட்டர்களை வாங்கி வருவார். அப்பா தையலைப் பிரித்து நூலை உருவுவார், நான் நாற்காலி முதுகில் சுற்றுவேன். உருவிய நூல் சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டு நிற்கும். அலசி, கீழே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். ஈரக் கம்பளி நாறும், மழையில் நனைந்த ஆட்டைப் போல.

நம் ஊரில் தண்ணீர் கிடைத்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். குழாயில் எப்போதாவது வரும். "குடிக்கத் தண்ணியில்லாமச் சாகுறோம், இந்தாளு கம்பளி அலசுறாரு" என்று வளவில் முனகல் ஆரம்பித்தது. அப்பா குளிக்கிற தண்ணீரில்தான் அலசினார். குளித்து முடித்த வாளியில். அதை யாரும் பார்க்கவில்லை.

ஊசிக்கு சைக்கிள் ஸ்போக் கம்பி. பக்கத்து வீட்டில் பூட்டுப் பட்டறைக்காரர் இருந்தார். அவர் கம்பிகளின் இரண்டு முனையையும் அரத்தால் இழைத்து, விரலில் தேய்த்துப் பார்த்து, மறுபடி இழைத்துக் கொடுத்தார். அந்த வளவிலேயே அப்பாவைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். சாக்ஸுக்கு நான்கு கம்பி வேண்டும். மூன்றில் கண்ணிகள் வட்டமாக நிற்கும், நான்காவது ஓடிக்கொண்டே இருக்கும். பின்னும்போது அப்பாவின் உதடு அசையும். "ரெண்டு நேரு, ரெண்டு திருப்பு, ரெண்டு நேரு, ரெண்டு திருப்பு" என்று கண்ணிகளை எண்ணுவார். நடுவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார், பொறு என்று. வரிசை முடிந்ததும் "ம், சொல்லு" என்பார்.

அந்த வருஷம் அவர் பின்னியதையெல்லாம் ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அம்மா எரியோடு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர், செருப்புப் போட்டு நடந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அவருக்கு ஒரு ஜோடி சாக்ஸ். மார்கழிக் காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் வழுக்கி வழுக்கி நடப்பார். கண்டக்டர் மாமாவுக்கு விரல் நுனி இல்லாத கையுறை, டிக்கெட் கிழிக்க வசதியாக. பூட்டுப் பட்டறைக்காரரின் கைக்குழந்தைக்குக் காது மூடும் குல்லா. அந்த நர்ஸுக்கு ஒரு சின்னச் சால்வை. என் டிபன் பாக்ஸுக்கு ஒரு பச்சைப் பை, அதில் ஒருநாள் குழம்பு கொட்டி மஞ்சளாகிப் போனது. தண்ணீர்ச் சொம்புக்குக்கூட ஓர் உறை பின்னினார். ஈரப்படுத்தி வைத்தால் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்றார். உண்மையிலேயே இருந்தது.

இதில் என்ன குற்றம், சொல்லுங்கள். சின்னாளபட்டியில் ஆண்கள் தறியில் உட்கார்ந்து சேலை நெய்தார்கள், பட்டுச் சேலையில் பூப் போட்டார்கள். அது தொழில். நம் பூ மார்க்கெட்டில் மீசை வைத்த ஆண்கள் சம்மணமிட்டு மாலை கட்டினார்கள். அதுவும் தொழில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல்காரர் நம் எல்லோருக்கும் பாவாடைக்கு நாடா வைத்துத் தந்தார். என் அப்பா நான்கு கம்பியில் சாக்ஸ் பின்னினால் மட்டும் பைத்தியமா?

அப்படிச் சொன்னவர் என் பெரியப்பா. அப்பாவின் ஒரே அண்ணன். வெங்காயப் பேட்டையில் கடை வைத்திருந்தார், ஊரில் மரியாதை உள்ளவர். வீட்டுக்கு வந்தால் அப்பா கையில் ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஏலே, பொழுது போகலேன்னா பேப்பர் படிடா. ரேடியோ கேளு. பொட்டச்சி மாதிரி இது என்னடா?" என்பார். அப்பா சிரித்துக்கொண்டு ஒரு விரலைத் தூக்குவார், வரிசை முடியட்டும் என்று. பெரியப்பாவுக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

ஐப்பசியில் பெரியப்பா மகளைப் பெண் பார்க்கத் தொப்பம்பட்டிப் பக்கத்தில் இருந்து வந்தார்கள். அப்பா கைத்தடி ஊன்றிப் போனார். கூடவே நூல் பையும் போனது. பெரியவர்கள் தோப்பு, கிணறு, ஜாதகம் என்று பேசிக்கொண்டிருக்க, அப்பா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை சாக்ஸ் ஒன்றைப் பின்ன ஆரம்பித்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா மெல்ல நகர்ந்து வந்தார்.

"ஏனுங்க, அது என்னங்க பின்றீங்க?"

"கைப்புள்ளைக்கு சாக்ஸுங்க."

"அட, குதிகால்ல எப்படிங்க அப்படி வளையுது? அதயக் கொஞ்சம் காட்டுங்க."

அப்பா கம்பியோடு அதை அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா உள்ளே இரண்டு விரலை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க மாமியாருக்குப் பனி காலத்துல காலு வெறச்சுப் போயிருதுங்க. ஒரு சோடி பின்னித் தருவீங்களா? அளவு எஞ்சாணுக்கு ஒண்ணே காலு இருக்குமுங்க."

"தாரேங்க. அதுக்கென்ன?"

மாப்பிள்ளையின் சித்தப்பா அந்தப் பக்கத்தில் இருந்து, "பொண்ணு வீட்டுச் சீரே சாக்ஸுதானாட்ட இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அது. அப்பாவும் சிரித்தார். ஒரு கல்யாண வீட்டுக்குப் பொருத்தமான சிரிப்பு.

பெரியப்பாவுக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது. எழுந்து கை கூப்பினார். "தப்பா எடுத்துக்காதீக. வண்டி அடிபட்டதுல தம்பிக்குத் தலையில கொஞ்சம்... முன்ன மாதிரி இல்ல. நாங்கதேன் பாத்துக்கிறோம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா சாக்ஸுக்குள் இருந்து விரல்களை மெதுவாக உருவினார். ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதைப் போலப் புடவையில் துடைத்துக்கொண்டார். அப்பா தன் அண்ணனைப் பார்த்தார். சாக்ஸை வாங்கிப் பைக்குள் வைத்தார். அந்தக் கூட்டத்தில் வைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பைத்தியம் கத்துகிறது என்றிருப்பார்கள்.

பத்து நாளில் தகவல் வந்தது. பெண் நல்ல பெண்தான், ஆனால் புத்திக் கோளாறு இருக்கும் குடும்பத்தில் எடுக்க யோசனையாக இருக்கிறது என்று. பெரியப்பா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒன் சாக்ஸால எம் மக வாழ்க்கையே போச்சுடா."

"அண்ணே, தலையில அடின்னு நாஞ் சொல்லலயே" என்றார் அப்பா.

"பின்ன? ஆம்பள ஊசி புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா நான் வேற என்னத்தச் சொல்ல?"

கவனியுங்கள். வந்தவர்களுக்குச் சாக்ஸில் ஒரு குறையும் இல்லை. அந்த அம்மா அளவே சொல்லிவிட்டார். காரியத்தைக் கெடுத்தது பெரியப்பாவின் வாய். ஆனால் ஊருக்குள் சுற்றிய கதை, தம்பிக்குப் புத்தி பிசகியதால் அண்ணன் மகள் கல்யாணம் நின்றது என்பது. அதை மறுக்க வேண்டிய ஒரே ஆள் அதைச் சொன்னவர். அவர் மறுத்தால் தான் சொன்னது பொய் என்றாகிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்.

இதற்கு நடுவில் அப்பா அம்மாவுக்கென்று ஒரு சால்வை பின்ன ஆரம்பித்திருந்தார். வானத்து நீலம். இலை இலையாக இடைவெளி விட்டுப் பின்னியது, விரித்தால் இரண்டு பேர் போர்த்தலாம், சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கும். மூன்று மாசம் ஆனது. தை மாசம் நம் பள்ளியில் கைவினைக் கண்காட்சி வந்தபோது அம்மாவிடம் கெஞ்சி அதை நான் எடுத்துப் போனேன்.

தையல் டீச்சர் பிரித்துப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "யாரு பின்னுனது?"

"எங்கப்பா டீச்சர்."

"வெளையாடாத. அம்மான்னு எழுது."

"இல்ல டீச்சர், அப்பாதான்."

"சொன்னாக் கேளு. வர்றவுங்க பாத்துச் சிரிப்பாங்க. ஒனக்குத்தான் கேவலம்."

ஓர் அட்டையைக் கொடுத்தார். என் கையெழுத்து வகுப்பிலேயே நன்றாக இருக்கும், உங்களுக்கே தெரியும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன்: 'பின்னியவர்: மாணவியின் தாயார்.'

கண்காட்சி முதல் நாள் மத்தியானம் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை படிய வாரி, கைத்தடியோடு. அம்மா பூக் கட்டும் வேலையில் இருந்ததால் வரவில்லை. அப்பா மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்து சால்வைக்கு முன்னால் நின்றார். அட்டையைப் படித்தார். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"எழுத்து முத்து முத்தா இருக்கே. ஒன்னோடதா பாப்பா?"

"ஆமாப்பா."

"ம்."

மேஜையில் இருந்து சரிந்திருந்த சால்வையின் முனையை எடுத்து நேராக விட்டார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ரொம்ப அழகா இருக்குங்க, இது யாரு பின்னுனது?" என்று அவரையே கேட்டார். "எங்க வீட்லதாங்க" என்றார் அப்பா. பிறகு தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டைத் தாண்டினாரோ இல்லையோ, பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேனே, அந்தத் தோழி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டாள். "ஏய், ஒங்கப்பாதானடி பின்றாரு? எங்கம்மா சொன்னுச்சு. ஒங்கப்பா என்ன பொம்பளையா?"

நீங்கள் சிரித்தீர்கள். எல்லோரும் இல்லை, ஆனால் நிறையப் பேர். டீச்சரும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நிறைவு விழாவில் தலைமை தாங்க வந்த அதிகாரிக்குப் போர்த்தக் கொண்டு வந்த சால்வை எங்கோ காணோம் என்று, டீச்சர் மேஜையில் இருந்த அம்மாவின் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அந்த மனிதர் இரண்டு நிமிஷம் வேர்த்தார், கழற்றிப் பின்னால் நின்ற ஆளிடம் கொடுத்தார். சால்வை ஜீப்பில் ஏறிப் போய்விட்டது. மூன்று மாச வேலை. டீச்சர் என்னிடம், "ஒங்கம்மாவுக்கு இது பெருமைதானே" என்றார்.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் நாள் சாயங்காலத்தைப் பற்றி. அன்று எனக்கு யார் மேல் கோபம் வந்திருக்க வேண்டும்? அவள் மேல். டீச்சர் மேல். உங்கள் மேல். எனக்கு வந்தது அப்பா மேல். ஏன் அவர் மற்றவர்களைப் போல இருக்கக் கூடாது, ஏன் பேப்பர் படிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் பெரியப்பா கடையில் வெங்காயம் வாங்கிவரச் சொல்லியிருந்தார் அம்மா.

கடையில் மூட்டைகளுக்கு நடுவில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. பெரியப்பா என்றைக்கும் இல்லாமல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கடலை மிட்டாய் கொடுத்தார்.

"பாப்பா, ஒங்கப்பா வீட்ல தனியா ஒக்காந்து பேசிக்கிட்டே இருக்காராமே? அக்கம்பக்கத்துல சொல்றாக."

அவர் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். வளவிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"ஆமா பெரியப்பா. தனியாத்தான் பேசுவாரு."

"கூப்ட்டாத் திரும்பிப் பாப்பாரா?"

"பாக்க மாட்டாரு."

வெள்ளை வேட்டிக்காரர் 'ச்சு' என்று நாக்கைத் தட்டினார். "சரி, நீ போயிட்டு வா தாயி" என்றார். மிட்டாயைத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மாசியில் அப்பா கைத்தடியை மூலையில் சாத்தினார். டாக்டர் நன்றாகக் கூடிவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தார். அப்பா முகம் மழித்து, அதைப் போட்டுக்கொண்டு, பஸ் ஷெட்டுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தார்.

"என்னங்க?" என்றார் அம்மா.

"எடம் இல்லையாம்."

அன்று மத்தியானம், லீவில் இருந்த கண்டக்டர் மாமா வந்தார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது அப்படிப் படுத்திருந்தார். மாமா வாசலில் நின்றபடியே அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "எடமெல்லாம் இருக்கு தங்கச்சி. மொதலாளிதேன் மாட்டேன்னுட்டாரு. மலைப் பாதையில அம்பது உசுரு, புத்தி சரியில்லாதவன் கையில எப்படிக் குடுக்கன்னு கேக்குறாரு. வெங்காயக் கடைக்கே போயி விசாரிச்சாராம். கூடப் பொறந்த அண்ணனே சொன்னப்புறம் நான் என்னத்தப் பண்ணன்னு சொல்லிட்டாரு."

அந்த வெள்ளை வேட்டிக்காரர் யாரென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மா அதிகம் பேசாதவர். பெரியப்பா வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவார். அன்று கையில் கட்டிக்கொண்டிருந்த மல்லிகைச் சரத்தை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். பெரியப்பா என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

வெங்காயப் பேட்டையில் அது நல்ல வியாபார நேரம். மூட்டை தூக்குபவர்கள், தரகர்கள், வண்டிக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். அம்மா கடைக்கு முன்னால் போய் நின்றார்.

"மாமா, எம் புருசனுக்குத் தலையில எங்க அடி? காட்டுங்க, நானும் பாக்குறேன்."

பெரியப்பா எழுந்துவிட்டார். "ஏத்தா, கடையில வந்து சத்தம் போடாத. வீட்ல பேசிக்கிருவோம்."

"வீட்லயா சொன்னீக? ஊருக்கே சொன்னீகள்ல. இங்கனயே பேசுவோம். ஒங்க தம்பி குடிச்சிருக்காரா? ஆரையாச்சும் கை நீட்டி அடிச்சிருக்காரா? அத்தன வருசத்துல ஒரு கோழிக்குஞ்சு மேல வண்டிய ஏத்திருக்காரா? குடிச்சுட்டு ஓட்டுறவன் ஆம்பள, பொண்டாட்டிய அடிக்கிறவன் ஆம்பள. நூல எடுத்து நாலு பேருக்குக் காலுக்குப் பின்னிக் குடுத்தவருக்குப் பைத்தியம்னு பேரா? கூடப் பொறந்த வாயில இருந்தா அது வரணும்?"

பெரியப்பா வாயைத் திறந்தார். கண் அம்மாவைத் தாண்டி என் மேல் வந்து நின்றது. செத்தேன் என்று நினைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். இதை யாரும் பெருந்தன்மை என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு சின்னப் பிள்ளையின் வாயைப் பிடுங்கித் தம்பி வேலையைக் காலி பண்ணினேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. வேறொன்றும் இல்லை.

அம்மா திரும்பி நடந்தார். வீட்டில் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஏன் போன?" என்று கேட்டார்.

"நீங்க போகலேல்ல, அதேன்" என்றார் அம்மா. விட்ட இடத்தில் சரத்தை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

பெரியப்பா தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளியும் மனம் மாறவில்லை. பங்குனி பிறந்ததும் அப்பா மிச்சமிருந்த நூலையெல்லாம் சேர்த்து அந்த நர்ஸுக்குக் கொடுத்தனுப்பினார். ஸ்போக் கம்பிகளைத் தெருமுனை சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டார். முனை இழைத்த கம்பி எந்தச் சக்கரத்துக்கும் ஆகாது. கடைக்காரர் வாங்கித் தூக்கித்தான் போட்டிருப்பார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பின்னவில்லை. அம்மாவின் சாக்ஸ் குதிகாலில் ஓட்டை விழுந்து, கரித்துணியாகி, போயிற்று. மற்றவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு, இருபது வருஷத்துக்கு மேல். மலைப் பாதைதான், மழைதான். ஒரு விபத்து இல்லை. புத்தி சரியில்லாதவர் ஓட்டினார், கேட்டுக்கொள்ளுங்கள். பெரியப்பா மகளுக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. பெரியப்பாவும் ஒரு மகளைப் பெற்றவர், பயந்துபோய்ச் சொல்லிவிட்டார் என்று இன்று எனக்குப் புரிகிறது. புரிவது வேறு, மன்னிப்பது வேறு. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்பா லாரியை விட்டு இறங்கி வீட்டோடு இருந்த காலத்தில், எனக்கே நாற்பது வயதான பிறகு, கொடைக்கானல் போயிருந்தபோது நல்ல ஊசிகளும் புது நூலும் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். "நல்ல நூலு" என்றார். "வேணாம்த்தா. கண்ணு தெரியல" என்று திருப்பிக் கொடுத்தார். கண் நன்றாகத்தான் தெரிந்தது. அன்று காலையில் பேப்பர் முழுக்கப் படித்திருந்தார்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கடலை மிட்டாயில் இருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். "தெரியும்" என்றார்.

"என்னப்பா தெரியும்?"

"அன்னைக்கே மொதலாளி சொல்லிட்டாரு. ஒன் அண்ணன் மட்டும் இல்லப்பா, ஒம் மகளே சொல்லுச்சுன்னு."

அத்தனை வருஷம். என் படிப்பு, என் கல்யாணம், என் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றிருக்கிறார். ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்.

"ஏம்ப்பா என்னைய ஒரு வார்த்தை கேக்கல? ரெண்டு அடியாவது போட்டிருக்கலாம்ல?" எனக்கு உண்மையாகவே அவர் மேல் ஆத்திரம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

"எதுக்கு அடிக்க? நீ பொய்யா சொன்ன? தனியாத்தேன் பேசிக்கிட்டு இருந்தேன். கூப்ட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேன், அதுவும் நெசந்தேன்." கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். "எண்ணுறாருன்னு ஒரு வார்த்தை கொறஞ்சு போச்சு. அம்புட்டுத்தேன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள், அன்றைக்குச் சிரித்தவர்களும் சேர்த்து. எனவே உங்களிடம் சொல்கிறேன். என் அப்பா தனியாகப் பேசவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார்.